பாழுங்கிணற்றுக் காற்று

மாசி 8, காலை 6.20

அழுத்தம் சரி. குழாயின் சூடு சரி. காற்று இல்லை. பனி உண்டு.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. சொல்லியாயிற்று. இனி மிச்சமெல்லாம் என் விருப்பம். நான் பேசப் பேச இந்தப் பெட்டி எழுத்தாக்கிக்கொள்ளும். நான் ஊர்ப் பேச்சுத்தான் பேசுகிறேன். பெட்டி அதற்கு இஸ்திரி போட்டு எழுதுகிறது. ரேடியோவில் வருகிற பேச்சையும், அடுத்தவர் சொன்னது என்று நான் சொல்லிக்காட்டுவதையும் மட்டும் கசங்கலோடு அப்படியே விட்டுவிடும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டேன். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அதில் ஒரு சொல் மாறியிருக்கக் கூடாது என்றார்கள். விசாரணை ஏன் வரப்போகிறது என்று கேட்க அப்போது தோன்றவில்லை. டீ வந்துவிட்டது.

இதைப் படிக்கப்போவது யாரோ. அதனால் அடியிலிருந்து சொல்கிறேன். என் பெயர் உத்திராபதி. ஊர் செம்பியன்புலம், நாகைப் பக்கம். நான் உட்கார்ந்திருப்பது நான்கு தூண்கள்மேல் கட்டிய அறை. வெள்ளம் வந்தால் மெஷின் நனையக்கூடாது என்று உயர்த்திவிட்டார்கள். காவல்காரன் நனைந்தால் துவட்டிக்கொள்வான். ஏற ஓர் இரும்பு ஏணி. கீழே முற்றம், கேட், கேட்டை ஒட்டி சைரன் கம்பம். அதற்கு அப்பால் உளுந்து வயல். சம்பா அறுத்த தாளுக்கு நடுவில் உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது. மேட்டூர் அணையை மூடிவிட்டதால் வாய்க்காலில் மணல் தெரிகிறது.

இங்கே என்ன நடக்கிறது என்றால், ஒரு காலத்தில் எண்ணெய் எடுத்தார்கள். எண்ணெய் குறைந்தது. இப்போது கடற்கரை அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துக் குழாயில் கொண்டுவந்து, எண்ணெய் இருந்த ஆழத்துக்கே இறக்குகிறார்கள். உலகத்தின் சூடு குறையுமாம். இறங்குகிற வாயு கீழே ஒட்டிக்கிடக்கும் மிச்ச எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போக, அது இன்னொரு கிணற்றில் மேலே வருகிறது. அதையும் விற்றுவிடுகிறார்கள்.

இதைப்பற்றி ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். இன்ஜினீயர் பெட்டி பெட்டியாக கோலி சோடா கொண்டுவந்திருந்தார். "இதுல இருக்கிற காத்துதாங்க அது. இதக் குடிச்சா பயப்படுவீங்களா?" என்றார். முதல் ஆளாகப் போய் ஒரு சோடாவை உடைத்துக் குடித்து ஏப்பம் விட்டவன் நான். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சோடாக்காற்று.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எண்ணெய் எடுத்திய, எரிச்சிய, புகையாச்சு. அந்தப் புகையக் கொண்டாந்து எங்க காலடியில பொதைக்கிறிய. சரி. பொதைக்கிறப்ப மேல வர்ற எண்ணெய என்னா செய்வியன்னு கேட்டா, அதையும் எரிப்போம்கிறிய. இதுல எதுங்க வியாபாரம், எதுங்க பரிகாரம்?" என்றாள். இன்ஜினீயர் கண்ணாடியைத் துடைத்தார். கேட்டவள் பெயர் தையல்நாயகி. எதிர்ப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. என் மனைவி.

ஆமாம், ஒரே வீடுதான். மனு எழுதும் நாட்களில் எனக்கு டீயில் சர்க்கரை விழாது. ஏதாவது ஆனால் ஊருக்கு உடனே தெரிய வேண்டும் என்று சண்டை போட்டு, கம்பெனியிடம் ஒரு கைரேடியோ வாங்கி அடுப்படியில் மாட்டி வைத்திருக்கிறாள். சாப்பாட்டு வேளைக்கு அதில்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

ரேடியோ வந்துவிட்டது.

"குழம்பு ஆறுது. வர்றியளா, இல்ல காக்காய்க்கு வைக்கவா?"

"பேசி முடிச்சா ஓவர்னு சொல்லணும் தையலு. அதான் முறை. ஓவர்."

"நீங்க பண்றதே ஓவராத்தான் இருக்கு. வாங்க."

மாசி 9, காலை 6.45

அழுத்தம் சற்று இறங்கியிருக்கிறது. குழாயின் சூடு சரி. காற்று அறவே இல்லை. பனி தரையோடு படுத்திருக்கிறது.

சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். பெலிக்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான். தங்கமான பிள்ளை. முகம் பார்த்ததில்லை. அவன் வீட்டில் பெண் பார்க்கிற கதை எல்லாம் எனக்குத் தெரியும்.

"சென்சார்ல பனி எறங்கியிருக்கும்ணே. போன வாரம் வேற ஸ்டேஷன்ல இப்படித்தான் ஒரு ஓணான் உக்காந்திருந்துச்சு."

"ஓணானுக்கு அழுத்தம் எறங்குமாடா?"

"எதுக்கும் பாத்துட்டுச் சொல்றேன்ணே."

காத்திருக்கிறேன். வயலில் கொக்குகள் இறங்கியிருக்கின்றன. மூன்றாம் எண் கிணற்றுப் பக்கம் மட்டும் ஒன்றுகூட இறங்கவில்லை. அது பழைய எண்ணெய்க் கிணறு. என் கல்யாணத்துக்கு முன்பே சிமெண்ட் ஊற்றி அடைத்துவிட்டார்கள். அந்தச் சிமெண்ட் மேடையில் ஆடு கட்டுவார்கள், வடகம் காயவைப்பார்கள். எனக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிறது. வாய்க்கால் அதை ஒட்டித்தான் ஊருக்குப் போகிறது.

மாசி 9, காலை 7.20

மூன்றாம் எண் கிணறு திறந்துகொண்டது.

முதலில் சத்தம். லாரி டயர் வெடித்ததுபோல ஒன்று, அப்புறம் நிற்காத சீறல். மேடை மொத்தமும் தூக்கி எறியப்பட்டது. வெள்ளையாக எழும்பியது. பனைமரத்துக்கு மேலே போய், அப்புறம் குடை கவிழ்ந்ததுபோலத் தரையில் விழுந்து பரவுகிறது. தீ இல்லை. எண்ணெய் நாற்றம் மட்டும் இருக்கிறது.

சைரன் தானாகப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பின்னாலேயே என் குரல்.

இதைச் சொல்லியாக வேண்டும். திருவிழாவில் மைக் பிடிக்கிறவன் நான். காணாமல்போன பிள்ளை, அன்னதானம் செய்தவர் பெயர், வாணவேடிக்கை எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். எண்ணெய் எடுத்த காலத்தில் ஒரு கிணறு தீப்பிடித்தது. வாய்க்காலுக்குள் இறங்கிப் படுத்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். அனல் தலைக்குமேல் போய்விட்டது. அதன் பிறகு கம்பெனி என் குரலைப் பதிவு செய்து சைரனோடு சேர்த்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை. தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓட எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது அது சொல்லிக்கொண்டிருக்கிறது:

"செம்பியன்புலம் மக்களே. எல்லாரும் வாய்க்காலுக்குள்ள எறங்கிப் படுங்க. சைரன் நிக்கிற வரைக்கும் தலையத் தூக்காதீங்க. யார் கூப்பிட்டாலும் மேல வராதீங்க."

இளமைக் குரல். கணீரென்று இருக்கிறது.

மாசி 9, காலை 7.30

கீழே முற்றத்தில் படுத்திருந்த நாய் எழுந்தது. நான்கு எட்டு வைத்து உட்கார்ந்தது. பிறகு சாய்ந்துவிட்டது. குரைக்கவே இல்லை.

தரையில் ஒன்றும் தெரியவில்லை. பனி இருந்ததுபோலவேதான் இருக்கிறது.

வீட்டுச் சாமி மாடத்து விளக்கு மாதிரி இங்கே பிள்ளையார் படத்துக்கு ஓர் அகல் ஏற்றுவேன். அதை டிபன் கேரியர் தட்டில் வைத்து, கயிறு கட்டி, ஏணிப் பக்கமாக இறக்கினேன். பாதி ஏணிக்கு வந்ததும் சுடர் ஒடுங்கியது. இன்னும் ஒரு முழம். அணைந்தது. இழுத்து ஏற்றி மறுபடி இறக்கினேன். அதே இடம். ஊதி அணைத்ததுபோல.

மூச்சுக் கருவி ஒன்று இருந்தது. வருடச் சோதனைக்கு என்று போன வாரம் எடுத்துப் போனார்கள்.

மாசி 9, காலை 7.35

"தையலு. தையலு. எங்க இருக்க?"

"வாய்க்கா கரையில. எல்லாத்தையும் எறக்கிக்கிட்டு இருக்கேன். மேலத்தெரு எறங்கியாச்சு, மதகுப் பக்கம் படுத்துட்டாங்க. இவங்கதான் பாக்கி. நீங்க ஏன் இன்னும் அங்க கெடக்கிறிய?"

"யாரையும் எறக்காத. ஏத்து. ரயில் மேட்டுக்கு ஏத்து."

"என்னா ஒளர்றிய. எண்ணெ நாத்தம் மூக்கத் தொளைக்குது. பத்திக்கிச்சுன்னா மேட்டுல நிக்கிறவன் கருகிடுவான். உங்க வாயே மைக்ல எறங்கு எறங்குங்குது, இந்தப் பக்கம் ஏறு ஏறுங்கிறிய. ரெண்டு வாயா உங்களுக்கு?"

"அது பழசு தையலு. இது தீ இல்ல. கரியமில வாயு. கார்பன் கசிவு."

"சோடாக்காத்தா?"

"ஆமா."

"அதத்தான் ஊரக் கூட்டி வச்சுக் குடிச்சு ஏப்பம் விட்டிய. அதுக்கா இப்ப பயப்படச் சொல்றிய? ஏங்க, நான் அந்தக் கிணறு வேணாம்னு கத்துனப்ப ஒண்ணுமில்லன்னிய. இப்ப நான் எதக் கேக்கிறது?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கம்பெனி கற்றுக்கொடுத்த சொல்லாகவே வாயில் வருகிறது. கசிவு, அடர்த்தி, செறிவு. அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. எனக்கே ஏறவில்லை.

கையில் அணைந்த அகல் இருந்தது. திரி இன்னும் புகைந்தது.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலம் நாங்கள் எல்லாரும் அதைக் கிணறு, கிணறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தருக்கும் அது கிணறு என்று தோன்றவில்லை.

"தையலு. அது பாழுங்கிணறு. மூணாம் நம்பரு. பாழுங்கிணத்துக் காத்து வெளிய வந்து தரையில ஓடுது."

திரியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பாழுங்கிணத்துல எறங்குறதுக்கு முன்ன என்னா செய்வோம்?"

"வெளக்கு எறக்கிப் பாப்போம்."

"எறக்கிப் பாரு. கரையிலேருந்து எறக்கு. நீ எறங்கிடாத."

மாசி 9, காலை 7.50

வாய்க்கால் கரைப் பிள்ளையார் முன்னால் எரிந்த விளக்கை எடுத்து, ஆட்டுக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறாள். ரேடியோவை அமுக்கியபடியே இறக்கினாள் போலிருக்கிறது. எல்லாம் கேட்டது.

"தள்ளுங்க, மறைக்காதீங்க. இன்னும் எறக்கு. இன்னும்."

பிறகு ஒரு பொம்பளை, "அய்யோ அணைஞ்சு போச்சுடி" என்றாள். அதற்குமேல் யாருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிணறு தூர்வார இறங்கிச் செத்தவன் ஒருவனாவது இல்லாத தெரு எங்கள் பக்கம் கிடையாது.

"ஏங்க. ஏத்துறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஓவர் சொல்லவில்லை.

மாசி 9, காலை 8.10

அழுத்தம்: முள் அடியில். சூடு: பார்க்கவில்லை. காற்று இல்லை. கொஞ்சம் காற்று அடித்தால் போதும், எல்லாம் கலைந்துவிடும். இலைகூட அசையவில்லை.

ரயில் மேட்டில் தலைகள் தெரிகின்றன. இங்கிருந்து எறும்பு வரிசை மாதிரி. கீழத்தெரு, நடுத்தெரு ஏறிவிட்டதாகச் சொன்னாள். மேலத்தெரு ஏறவில்லை. அவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். மதகு வளைவில் படுத்திருக்கிறார்கள். விளக்கு அணைந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

"கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாங்க. ஒங்க கொரலு அமுக்குது. யார் கூப்பிட்டாலும் வராதீங்கன்னு வேற சொல்லித் தொலைச்சிருக்கிய."

"யாரையாவது வண்டியில அனுப்பு."

"நடுத்தெரு வீழிநாதன் போனான். பாதியில வண்டி நின்னுபோச்சு. உதைச்சு உதைச்சுப் பாத்தான், பிடிக்கல. தலைய சுத்துதுன்னு தவழ்ந்து வந்தான். மதகுக்கு இன்னும் அந்தக் காத்து முழுசா வரல. அந்தப் பக்கம் கரையில மாடு நிக்குது. நின்னுகிட்டுத்தான் இருக்கு."

மாடு நிற்கிறது. அப்படியானால் மேலத்தெருவுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். வீழிநாதனின் தம்பி மனைவியும் அங்கேதான், நிறைமாதம்.

மாசி 9, காலை 8.20

பெலிக்ஸ்.

"நிறுத்த முடியலண்ணே. கிணறு அடங்குற வரைக்கும் சைரன் ஓடணும்னு சிஸ்டத்துல போட்டிருக்காங்க. பெரிய சார் வந்து பாஸ்வேர்டு போடணும். சார் போன எடுக்கல."

"எங்க இருக்காரு?"

"டெல்லியிலண்ணே. கார்பன் மாநாடு."

சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை வலிக்கிறது. காற்று இங்கேயும் ஏறுகிறதோ என்னவோ. அகலைக் கையெட்டும் தூரத்துக்கு இறக்கினேன். சுடர் சிறுத்து நீலமாகிவிட்டது.

"கம்பத்துக்கு அடியில ஒரு இரும்புப் பெட்டி இருக்கே பெலிக்சு."

ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தேன்.

"அதுக்குள்ள கைப்பிடி இருக்கில்ல?"

"இருக்குண்ணே. இழுத்தா பேட்டரி கட்டாயிடும். அண்ணே, போவாதீங்க. நான் சொன்னதா இருக்க வேணாம். மீட்புக் குழு கெளம்பிடுச்சு. ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க."

ஒரு மணி நேரம். அதுவரை என் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மாசி 9, காலை 8.36

சுருக்கமாகச் சொல்கிறேன். மூச்சு வாங்குகிறது. எனக்குச் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

முற்றத்தைத் தாண்டிக் கம்பம். சாதாரண நாளில் பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் போய்விடலாம். திருவிழாவில் உபயதாரர் பெயர் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிப்பேன், பந்தயம் கட்டுவார்கள். அது நல்ல காற்று. அதுவும் வயசுக் காலம். போவதற்கு மூச்சு இருக்கும். இரும்புப் பெட்டியின் கதவு துருப்பிடித்திருந்தால், திறப்பதற்கு இருக்காது. திரும்பி வருவதைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்தால் கால் வராது.

கிணறு சரியா தப்பா என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புகையை எங்காவது புதைக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. போன சித்திரையில் அடித்த வெயிலை நானும்தானே பட்டேன். ஆனால் பூமியில் எங்கெங்கே ஓட்டை என்று ஓட்டை போட்டவனிடமே கேட்டு, அவன் இல்லை என்று சொன்னதை நாங்கள் எழுதி வாங்கிக்கொண்டோம். சோடாவோடு. இதைக் கண்டெடுக்கிறவர் விசாரணைக்காரராக இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் எண் ஒன்றுதான் இந்த வயல்களில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தோண்டி அடைத்தது எத்தனையோ கிடக்கின்றன. சிலதின்மேல் வீடே கட்டியிருக்கிறார்கள்.

தையலுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் பேச ஆரம்பிப்பாள். அவளோடு பேசி நான் ஜெயித்ததே இல்லை.

ஈரத்துண்டு ஒன்றும் செய்யாது, தெரியும். இருந்தாலும் கட்டிக்கொள்கிறேன். கைரேடியோவை இடுப்பில் சொருகியாயிற்று. இந்த எழுதுகிற பெட்டியை நிறுத்தவில்லை. ஓடட்டும்.

அந்த ஆள் வேறு இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான். எறங்கு எறங்கு என்று. நான் இறங்குகி

மாசி 9, காலை 8.41
(ரேடியோ மட்டும்)

"ஏங்க. சைரன் நின்னுடுச்சு. எழுந்திரிக்கிறாங்க. மேலத்தெரு எழுந்திரிக்குது. தலை தெரியுது."

மாசி 9, காலை 8.44
(ரேடியோ மட்டும்)

"கை தட்டிக் கூப்பிட்டேன், வர்றாங்க. அந்த நெறமாசப் புள்ளைய ரெண்டு பேரு தூக்கிட்டு வர்றாங்க. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. கேக்குதா? சென்னைக்காரங்க நிறுத்திட்டாங்களா? இப்பவாவது புத்தி வந்துச்சே."

மாசி 9, காலை 8.47
(ரேடியோ மட்டும்)

"அண்ணி, நான் பெலிக்ஸ் பேசுறேன். சென்னையிலேருந்து."

"சொல்லு தம்பி. நீதான் நிறுத்துனியா?"

"இல்லண்ணி."

"பின்ன யாரு?"

"அண்ணி."

"தம்பி, நீ லைன விட்டுப் போ. நான் அவுங்ககிட்ட பேசணும்."

மாசி 9, காலை 8.49
(ரேடியோ மட்டும்)

"ஏங்க. மேலதான் இருக்கிய? மெத்தை வீடு மாதிரி ஒசத்திக் கட்டியிருக்காங்களே, அங்கதான் இருக்கிய?"

"பேச மாட்டியளா. கூட்டத்துல என்னப் பேச விடாம பேசுனிய."

"சரி. பேச வேணாம். மூச்சு வாங்கும். அந்தப் பொத்தான மட்டும் ஒருதரம் அமுக்குங்க. கர்ருன்னு ஒரு சத்தம் வரும்ல. அது போதும் எனக்கு."

"அமுக்குங்க."

"நான் வெரல எடுத்துட்டேன். இப்ப அமுக்குங்க. ஓவர்."